பால் ஒவ்வாத பிள்ளைக்கு எதை நிறுத்துவது, எதைக் கொடுப்பது?

பல்லடம் பக்கத்திலிருந்து ஓர் இளம் தாய் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவர் சொன்னதன் சுருக்கம் இது.

முதல் குழந்தை, பெண், இப்போது 8 மாதம். பிறந்தபோது 2.9 கிலோ. தாய்ப்பால் போதவில்லை என்று இரண்டாவது மாதத்தில் பவுடர் பாலும் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்குள் மலத்தில் சளியும் நூல் நூலாக ரத்தமும் வந்தது. கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் சிவந்த சொறி. பசும்பால் புரத அலர்ஜி என்று சொன்ன மருத்துவர், பவுடர் பாலை நிறுத்தி, தாயும் பால், தயிர், நெய், பன்னீர் தொடக்கூடாது என்றார். மூன்று வாரத்தில் ரத்தம் நின்றது. அப்புறம் 5-ஆம் மாதத்தில், உறவினர் ஒருவர் சொல்லி, ஒரு லேபில் அலர்ஜி பேனல் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். அதில் முட்டை, வேர்க்கடலை, கோதுமை, துவரம்பருப்பு எல்லாவற்றுக்கும் எதிரே ஏதோ ஓர் எண். அன்றிலிருந்து அவை தாய்க்கும் இல்லை, சேய்க்கும் இல்லை. மீனையும் பயத்தில் விட்டாயிற்று. ஆறரை மாதத்தில் மாமியார் இரண்டு சங்கு ஆட்டுப்பால் புகட்ட, மறுநாளே மலத்தில் ரத்தம் திரும்பியது. இப்போது குழந்தைக்குத் தாய்ப்பாலோடு வடிகட்டிய அரிசிக் கஞ்சியும் வேகவைத்த ஆப்பிளும் கேரட்டும்தான். எடை 4 மாதத்தில் 5.8, 6 மாதத்தில் 6.4, 8 மாதத்தில் 6.5 கிலோ. தாய் 9 கிலோ இளைத்திருக்கிறார்.

கேள்விகள் நான்கு. தாய்ப்பாலை நிறுத்திவிட்டு ஸ்பெஷல் பால் டின்னுக்கு மாற வேண்டுமா? ஆட்டுப்பால் சேரவில்லை, கழுதைப்பால் கொடுக்கலாமா? 9 மாதத் தடுப்பூசியில் முட்டை இருக்கிறதாமே, போடலாமா? கடைசியாக, "என் பாலே என் பிள்ளைக்கு விஷமாகிவிட்டதா டாக்டர்?"

அன்புச் சகோதரிக்கு,

அந்தக் கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. நீங்கள் குடித்த பசும்பாலின் புரதம் மிகச் சிறிய அளவில் உங்கள் பாலில் கலந்தது. அதை நிறுத்தினீர்கள், ரத்தம் நின்றது. அன்று முதல் உங்கள் பிள்ளை சாப்பிடுவதிலேயே மிகவும் பாதுகாப்பானது உங்கள் பால்தான். அதை நிறுத்த எந்தக் காரணமும் உங்கள் கடிதத்தில் இல்லை.

எனக்குக் கவலை தருவது அலர்ஜி இல்லை. நீங்கள் வரிசையாக எழுதியிருக்கும் அந்த மூன்று எடைகள். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டைப்படி 8 மாதப் பெண் குழந்தையின் நடுத்தர எடை 7.9 கிலோ. கீழ்க்கோடு 6.3 கிலோ. உங்கள் பிள்ளை இன்னும் அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறாள். ஆனால் ஓர் எடையை மட்டும் வைத்து நாங்கள் முடிவு செய்வதில்லை, எடை எந்தப் பாதையில் போகிறது என்று பார்ப்போம். 6 மாதம் வரை அவள் கொஞ்சம் கீழே இருந்தாலும் ஏறிக்கொண்டுதான் இருந்தாள். 6-க்கும் 8-க்கும் நடுவில் சுமார் 600 கிராம் ஏறியிருக்க வேண்டும். ஏறியது 100 கிராம். அதாவது தாய்ப்பாலோடு திட உணவும் சேர வேண்டிய மாதத்தில் அவள் வளர்ச்சி நின்றிருக்கிறது. பாலை விலக்கியதால் இது நடக்கவில்லை. மற்றதையெல்லாம் விலக்கிவிட்டு, அந்த இடத்தில் ஒன்றும் வைக்காததால் நடந்தது.

இதில் உங்கள் தவறு என்று எதுவுமில்லை. ரத்தம் பட்ட நாப்கினைப் பார்த்த எந்தத் தாயும் இதைத்தான் செய்வாள். இதே போன்ற பட்டியலோடு வரும் அம்மாக்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். மடித்து மடித்துக் கிழிந்த லேப் காகிதத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து மேஜையில் வைப்பார்கள். குழந்தையைவிட அவர்கள்தான் அதிகம் வாடியிருப்பார்கள்.

அந்த லேப் காகிதம் சொல்வது என்ன?

நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவாகவே சொல்கிறது. அந்தப் பேனல் பார்ப்பது ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளை. ஒரு உணவுக்கு எதிராக அது கொஞ்சம் இருந்தால், உடம்பு அந்த உணவை அடையாளம் வைத்திருக்கிறது என்றுதான் பொருள். சாப்பிட்டால் அலர்ஜி வரும் என்று பொருள் இல்லை. தோலில் சொறி உள்ள குழந்தைகளுக்கு இப்படிக் குறைந்த எண்கள் பல உணவுகளுக்கும் வருவது சாதாரணம். இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் பிள்ளைக்கு வந்தது மலத்தில் ரத்தம், அதுவும் ஆட்டுப்பால் குடித்த மறுநாள். இப்படி மெதுவாக வரும் வகையில் ஐஜிஇ சம்பந்தப்படுவதே இல்லை. ஆக, அவள் நோய்க்கும் அந்தப் பரிசோதனைக்கும் பெரிதாகத் தொடர்பில்லை. இன்னும் சில இடங்களில் ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்புப் பொருளைப் பார்க்கும் பேனலை நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு எடுக்கிறார்கள். அதற்கு அலர்ஜியைக் கண்டுபிடிப்பதில் எந்தப் பயனும் கிடையாது. யார் சொன்னாலும் எடுக்காதீர்கள்.

எந்த லேபும் தராத ஒரு சாட்சி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பாலை மட்டும் நிறுத்தியபோதே ரத்தம் நின்றுவிட்டது. பேனல் எடுத்தது அதற்கும் பல வாரம் கழித்து. அதுவரை நீங்கள் சப்பாத்தி சாப்பிட்டீர்கள், சாம்பார் சாப்பிட்டீர்கள், முட்டை சாப்பிட்டீர்கள், கடலைச் சட்னி தொட்டுக்கொண்டீர்கள். பிள்ளை உங்கள் பாலைக் குடித்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தாள். உங்கள் பால் வழியாக அந்த உணவுகள் அவளுக்குத் தொல்லை தரவில்லை என்பதற்கு வேறென்ன வேண்டும்?

ஆட்டுப்பால் விஷயத்தையும் இப்படித்தான் பார்க்கிறேன். விலக்கிய பொருளை மறுபடி கொடுத்து, தொல்லை திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் இந்த வகைப் பால் அலர்ஜியை உறுதி செய்யும் வழி. அதை மருத்துவர் சொல்லித் திட்டமிட்டுச் செய்ய வேண்டும். உங்கள் வீட்டில் தெரியாமல் நடந்துவிட்டது. பசுவின் பாலுக்கும் ஆட்டின் பாலுக்கும் புரதம் ஏறக்குறைய ஒன்றேதான், எருமைப்பாலும் அப்படியே. பசும்பால் சேராத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு ஆட்டுப்பாலும் சேராது. அத்தை பாசத்தில் கொடுத்தார். அதைச் சொல்லி அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். இனி அவர் துணை உங்களுக்கு நிறைய வேண்டும்.

முதலில் உங்கள் தட்டு

பால், தயிர், மோர், நெய், வெண்ணெய், பன்னீர், பால் சேர்த்த இனிப்பு, பிஸ்கட் ஆகியவற்றை மட்டும் தொடர்ந்து விலக்குங்கள். நெய்யை உருக்கினாலும் அதில் புரதம் கொஞ்சம் தங்கியிருக்கும், அதனால் இப்போதைக்கு வேண்டாம். மற்றவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். இந்த வாரம் பருப்பு, மூன்று நான்கு நாள் கழித்து கோதுமை, பிறகு மீன், முட்டை, கடலை. ஏதாவது ஒன்றில் மலத்தில் ரத்தம் திரும்பினால் அதை மட்டும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். பால் இல்லாமல் அதை எட்டுவது கஷ்டம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. முருங்கைக்கீரை, எள், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் கைகொடுக்கும். ஆனாலும் மாத்திரை வேண்டியிருக்கும். அரசு மருத்துவமனையில் தந்த கால்சியம் மாத்திரை பிரசவத்துக்கு 6 மாதம் கழித்து நின்றிருக்கும். மருத்துவரைக் கேட்டுத் தொடருங்கள். 9 கிலோ இளைத்த உடம்போடு பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு வீட்டு வேலையும் பார்க்கிறீர்கள். மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிடுங்கள், நடுவில் ஒரு கடலை உருண்டையோ கேழ்வரகு அடையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளையின் கிண்ணம்

வடிகட்டிய கஞ்சியை நிறுத்துங்கள். 10 கிராம் அரிசி போட்டு ஒரு டம்ளர் கஞ்சி வைத்தால் அதில் இருப்பது 35 கலோரி. 6 முதல் 8 மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் போக உணவிலிருந்து மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி வேண்டும், 9 மாதம் ஆனால் 300. எடை பின்தங்கிய உங்கள் பிள்ளைக்கு இன்னும் கூடவே வேண்டும். அவள் வயிறோ அவள் கைப்பிடி அளவுதான். அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சோறு எங்கே போகும்?

ஒரு சின்ன சோதனை. சமைத்ததைக் கரண்டியில் எடுத்துச் சாயுங்கள். வழிந்து ஓடினால் அது குடிக்கும் பொருள். சாய்த்தும் கரண்டியிலேயே ஒட்டி நின்று, மெதுவாக நழுவினால் அதுதான் பிள்ளைக்கு உணவு. 20 கிராம் அரிசி, 10 கிராம் பருப்பு, நான்கைந்து முருங்கை இலை சேர்த்துக் குழைய வேகவைத்து, கரண்டியின் பின்பக்கத்தால் மசித்து, இறக்கியதும் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய் விடுங்கள். சுமார் 150 கலோரி ஆகிவிடும். நான்கு டம்ளர் கஞ்சியில் கிடைப்பது இந்த ஒரு சின்னக் கிண்ணத்தில் இருக்கிறது. கூடவே புரதமும் கொழுப்பும். நெய் இருந்த இடத்தில் தேங்காய் எண்ணெய், அவ்வளவுதான். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அந்தந்த விதையின் புரதம் தங்கியிருக்கும். அதனால் கடலையும் எள்ளும் சேர்கிறதா என்று தெரியும்வரை அந்த எண்ணெய்கள் அவளுக்கு வேண்டாம்.

பேனலில் எண் வந்திருப்பதால் துவரம்பருப்பும் கோதுமையும் கொடுக்கும் முன் ஒருமுறை மருத்துவரிடம் காகிதத்தைக் காட்டிவிடுங்கள். பாசிப்பருப்பைப் பற்றியும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கேழ்வரகைப் பாலெடுத்துக் கூழாகக் கிண்டி மசித்த வாழைப்பழம் சேர்க்கலாம். சர்க்கரைவள்ளிக்கிழங்கு, நேந்திரங்காய்ப் பொடி, மசித்த கோழி, ஆட்டு ஈரல் எல்லாம் இந்த வயதுக்கு ஏற்றவை. நீங்கள் கறி சாப்பிடும் குடும்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் வாரம் இரண்டு முறை ஈரல் ஒரு கரண்டி கொடுங்கள், இரும்புச்சத்துக்கு அதைவிட நல்லது கிடையாது. ஒரு நாளைக்கு மூன்று வேளை, நடுவில் ஒரு சிற்றுண்டி. புதிய உணவு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் மூன்று நாள் இடைவெளி. காலையில் கொடுங்கள், மாலைக்குள் பார்த்துக்கொள்ளலாம்.

முட்டையும் வேர்க்கடலையும் தனி. சொறியும் இருந்து பேனலில் எண்ணும் இருக்கும் குழந்தைக்கு இவற்றின் முதல் வாய் மருத்துவமனையில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் அதற்காக வருடக்கணக்கில் தள்ளிப்போடுவதும் ஆபத்து. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே 2000-இல், அலர்ஜி வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு முட்டை 2 வயது வரை, கடலை 3 வயது வரை வேண்டாம் என்றது. 2008-இல் அதைக் கைவிட்டது. 2015-இல் லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆய்வு வெளிவந்தது. கடும் சொறியோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, 4 முதல் 11 மாத வயதிலேயே பாதிப் பேருக்குக் கடலை உணவைத் தொடங்கினார்கள். விலக்கி வைத்தவர்களோடு ஒப்பிட்டால், அவர்களிடம் 5 வயதில் கடலை அலர்ஜி சுமார் 80 சதவீதம் குறைவு. காத்திருந்தால் அலர்ஜி வராது என்று நாங்கள் எல்லோருமே ஒரு காலத்தில் நம்பினோம். அது தவறு. அடுத்த மாதத்துக்குள் மருத்துவரிடம் இதற்கு நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

மருந்துகளில் வைட்டமின் டி சொட்டு தினமும் 400 யூனிட். அங்கன்வாடியில் வாரம் இரண்டு முறை 1 மில்லி இரும்புச்சத்து சிரப் தருவார்கள், வாங்கிக் கொடுங்கள். மருத்துவர் தனியாக இரும்புச் சொட்டு எழுதினால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்காமல் அவரிடம் சொல்லிவிடுங்கள். அங்கன்வாடி சத்துமாவில் கோதுமை, கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம் இருக்கும். கோதுமையும் கடலைப்பருப்பும் சேர்கிறது என்று தெரிந்த பிறகு பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுக் கொடுங்கள். கடையில் வாங்கும் குழந்தை உணவு டப்பாக்கள் பலவற்றில் பால் பவுடர் கலந்திருக்கும். பால், முட்டை, கடலை போன்றவை இருந்தால் லேபிளில் குறிப்பிட வேண்டும் என்பது இந்தியச் சட்டம். 'மில்க் சாலிட்ஸ்', 'வே', 'கேசின்' என்று எது எழுதியிருந்தாலும் அது பால்தான்.

பால் டின், கழுதைப்பால்

தாய்ப்பால் இருக்கும் வரை டின் வேண்டாம். புரதத்தைத் துண்டு துண்டாக நொறுக்கிய ஸ்பெஷல் பால், தாய்ப்பால் கிடைக்காத குழந்தைகளுக்கானது. 400 கிராம் டின் நாலைந்து நாளில் தீர்ந்துவிடும். கட்டுப்படியாகாமல் அளவுக் கரண்டியைக் குறைத்து, தண்ணீரைக் கூட்டிக் கலக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே குழந்தை இளைப்பது அதனால்தான். ஒருவேளை பின்னால் மருத்துவர் டின் எழுத நேர்ந்தால் பெயரைச் சரியாகப் பார்த்து வாங்குங்கள். லாக்டோஸ் இல்லாத பால் என்பது வேறு, அதில் சர்க்கரையைத்தான் எடுத்திருப்பார்கள், புரதம் அப்படியே இருக்கும். பாதி நொறுக்கிய புரதம் உள்ள டின்களும் உங்கள் பிள்ளைக்கு உதவாது. பாதாம் பால், அரிசிப் பால், தேங்காய்ப்பால் எதுவும் ஒரு வயதுக்குள் பாலுக்கு மாற்றாகாது. தேங்காய்ப்பாலைச் சமையலில் சேர்க்கலாம், அவ்வளவுதான்.

கழுதைப்பால் தெருவில் கறந்து சங்கில் தரும் பச்சைப்பால். காய்ச்சாமல் கொடுப்பதால் அதில் கிருமி வரும். கொழுப்பும் மிகக் குறைவு, எடை கூட்ட அது உதவாது. வேண்டாம். உரை மருந்து பற்றி நீங்கள் எழுதவில்லை, வீட்டில் கொடுக்கிறார்கள் என்றால் அதையும் இப்போது நிறுத்திவையுங்கள்.

தோலைக் கவனியுங்கள்

கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். குளிக்கும்போது கடலை மாவும் பயத்த மாவும் தேய்ப்பதாகவும், சொறி குறைய பாலேடு தடவுவதாகவும். எனக்கு அந்த வரி மிக முக்கியம். வெடித்த தோல் வழியாக உணவுப் புரதம் உள்ளே போனால் உடம்பு அதை எதிரியாகப் பழகிக்கொள்கிறது. வாய் வழியாகப் போனால் பெரும்பாலும் நண்பனாகப் பழகுகிறது. எனவே மாவும் வேண்டாம், பாலேடும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளிப்பாட்டி, துடைத்த ஈரம் காயும் முன் வாசனையில்லாத மாய்ஸ்சரைசரை உடம்பு முழுக்கத் தடவுங்கள், நாளைக்கு இரண்டு முறை. சிவந்த இடங்களுக்கு மருத்துவர் தரும் களிம்பைச் சொன்ன நாள் வரை பயமில்லாமல் போடுங்கள். இராத்திரி அரிப்பில் தூங்காத பிள்ளைக்கு எடையும் ஏறாது.

எப்போது ஓட வேண்டும்?

உணவு கொடுத்த சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பு தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுத்தாலோ குரல் கம்மினாலோ உடனே 108. அலர்ஜி சிரப் கொடுத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், இதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசி. ஒன்று முதல் நான்கு மணி நேரத்தில் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, வெளுத்து, துவண்டு போனாலும் அதே அவசரம்தான்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே தராசில், துணியில்லாமல் எடை பாருங்கள். நீளத்தையும் தலைச்சுற்றளவையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். கிண்ணத்தை மாற்றியும் ஒரு மாதத்தில் 300 கிராமாவது ஏறவில்லை என்றால், அலர்ஜியை விட்டு வேறு காரணம் தேட வேண்டும். சிறுநீரில் தொற்று இருக்கிறதா என்பதை முதலில் பார்ப்பார்கள், பெண் குழந்தைகளிடம் அது சத்தமில்லாமல் இருக்கும்.

பாலை மறுபடி முயன்று பார்ப்பது ஒரு வயது தாண்டியதும், மருத்துவர் சொல்லும் முறைப்படி. முதலில் நன்றாக வேகவைத்த பண்டத்தில் துளியளவு பால், படிப்படியாகத் தயிர், கடைசியில்தான் பால். இந்த வகை அலர்ஜி பெரும்பாலான குழந்தைகளுக்கு 3 வயதுக்குள் போய்விடும்.

தடுப்பூசியைக் கட்டாயம் போடுங்கள். 9 மாதத்தில் போடும் தட்டம்மை–ருபெல்லா ஊசியை முட்டை அலர்ஜி உறுதியான குழந்தைகளுக்கே தயங்காமல் போடுகிறோம், உங்கள் பிள்ளைக்கு அது உறுதிகூட ஆகவில்லை. அன்றைக்கு அங்கே தராசும் இருக்கும். செவிலியரிடம் கேட்டு எடையை அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டு, அந்த எண்ணை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.